படகுக்காரன் கொண்டுவந்த கேக்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வலது கால் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இடது கால் மேல் ஆணையிடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. அது ஏற்கெனவே கோணிக்கொண்டு நிற்கிறது, இன்னும் என்ன ஆகுமோ என்று பயம்.

என் பெயர் ஹோல்கெர். எங்கள் தீவுக்கும் அக்கரைக்கும் நடுவில் படகு ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஓடும் படகில் கேப்டனுக்குச் சீருடை இருக்கிறது, தோளில் பொன்னிறக் கோடுகள் இருக்கின்றன. எனக்கு இருந்தது ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி. தலையைவிட அதற்குத்தான் ஊரில் மரியாதை.

நான் ஆட்களுக்காகக் காத்திருந்த கதையைச் சொன்னால் பொழுது போய்விடும். ஒரு மணப்பெண் மனசு மாறிப் படகைவிட்டு இறங்கினாள், மறுபடி மாறி ஏறினாள், அதற்குள் மாப்பிள்ளை இறங்கிப் போய்விட்டார். அது முடியும்வரை கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பசு கன்று போடுவதற்காக நடுக்கடலில் எஞ்சினை அணைத்து வைத்தேன். கரை சேர்ந்ததும் கன்றுக்கு டிக்கெட் கேட்கவில்லை. ஒரே ஒருவரைத்தான் விட்டுவிட்டுப் புறப்பட்டிருக்கிறேன், அவர் பிஷப். அவர் அதை நல்ல விதமாகவே எடுத்துக்கொண்டார், அதைப் பற்றி யாரும் நாவல் எழுதவில்லை.

புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் தோரா என் வீட்டுக்கு வருவாள். என் மகன் யெப்பேயின் மகள், வயது பத்து. இறைச்சி உருண்டை பொரித்து, உருளைக்கிழங்கு வேகவைத்து, பழுப்புக் குழம்பு செய்து வைப்பேன். வாணலியின் ஓரத்தில் கருகிப்போன உருண்டை அவளுடையது. அதை வேறு யாரும் தொடக்கூடாது. வேறு யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம். மனைவி போன பிறகு வாரத்தில் மற்ற நாட்கள் எதற்காக வருகின்றன என்று எனக்குப் புரிந்ததில்லை. புதன்கிழமை எதற்கு என்று தெரியும்.

போன ஆகஸ்டில் பள்ளிக்கு ஒரு புது ஆசிரியை வந்தாள். சிசெல் என்று பெயர், பெரிய ஊர்க்காரி. எங்கள் பள்ளியில் எல்லா வகுப்பும் சேர்ந்தே ஒரு நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம், அவ்வளவுதான் பிள்ளைகள். அவர்கள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ரை தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டியை மெல்லும்போது அவள் ஒரு சிறுவர் நாவலைச் சத்தமாக வாசிப்பாள். வாசித்து முடித்ததும், 'இந்த ஆள் எப்படிப்பட்டவர்? ஏன் அப்படிச் சொல்றீங்க?' என்று கேட்பாள். ஒரு பையனைப் பெரிய காகிதத்தில் படுக்கவைத்து உடம்பைச் சுற்றிக் கோடு வரைவார்கள். கோட்டுக்கு உள்ளே அந்தக் கதாபாத்திரம் என்ன நினைக்கிறது, வெளியே என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். எதை எழுதினாலும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆதாரம் இல்லாமல் யாரையும் நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ சொல்லக்கூடாது. நல்ல ஏற்பாடு. நீதிமன்றங்களிலும் இதைக் கொண்டுவரலாம்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை தோரா கருகின உருண்டையைத் தொடவில்லை.

"என்னடி, பல் வலியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"தாத்தா, நீங்க ஏன் ஓலுஃப விட்டுட்டுப் போனீங்க?"

"எந்த ஓலுஃப்?" எங்கள் தீவில் இருந்த ஒரே ஓலுஃப் சர்ச்சில் மணி அடிப்பவர். அவர் பேச ஆரம்பித்தால் எல்லாருமே விட்டுவிட்டுப் போவது வழக்கம்.

"புத்தகத்துல வர்ற ஓலுஃப். சின்னப் பையன். அவனோட ஆட்டுக்குட்டிக்கு உடம்பு சரியில்ல. டாக்டர்கிட்ட காட்ட அதத் தூக்கிட்டு ஓடி வர்றான். கடைசிப் படகு. படகுக்காரர் பாக்குறாரு. பாத்துட்டே கயித்த அவுத்துடுறாரு. ஆட்டுக்குட்டி அங்கயே, துறையிலேயே..." அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரி. அதுக்கும் எனக்கும் என்ன?"

அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். "செவப்புத் தொப்பி. கோணக் கால், அதுவும் இடது கால். பையில உப்பு அதிமதுர மிட்டாய், யாருக்கும் குடுக்கமாட்டாராம். எதுக்கெடுத்தாலும் 'நேரம்னா நேரம்தான்'ன்னு சொல்வாராம்."

"நான் மிட்டாய் குடுப்பேனே!"

"எனக்குக் குடுப்பீங்க."

'நேரம்னா நேரம்தான்' என்று நான் சொன்னதுண்டு. ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லுவேன். சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். காத்திருந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை, சொன்னதுதான் ஊருக்கே மனப்பாடம்.

"எங்க வகுப்பு மால்தேதான் மொதல்ல கண்டுபிடிச்சான்" என்றாள் தோரா. "'டேய், இது தோராவோட தாத்தாடா'ன்னு கத்தினான். எல்லாரும் திரும்பி என்னப் பாத்தாங்க."

மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரி கேர்தா என்னோடு பள்ளியில் படித்தவள், அன்றிலிருந்து என்னை விட்டுவைத்ததில்லை.

"வாய்யா, வா! புஸ்தகத்துல வர்ற பெரிய மனுஷன்! எங்கள மாதிரி ஏழைங்க கடைக்கெல்லாம் வருவியா இனிமே?"

"நான் அந்தப் புஸ்தகத்தப் பாத்ததே இல்ல கேர்தா."

"நீ எதுக்குப் பாக்கணும்? அதான் அது உன்னப் பாத்துருக்கே." அவள் உருளைக்கிழங்குப் பையை எடைத்தட்டில் போட்டாள். "யாரு எழுதினான்னு நான் சொல்லட்டா? இந்தக் கடை மேல் ரூம்ல ஒரு கோடை முழுக்கத் தங்கியிருந்தாளே ஒரு பொம்பள. வைக்கோல் தொப்பி. எந்நேரமும் உக்காந்து எழுதிக்கிட்டே இருப்பா. பால்கூட எழுதித்தான் கேப்பா."

அவள் சொன்னதுமே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பெண் என் படகில்தான் வந்தாள். கைப்பையில் நான்கு பென்சில்கள், எல்லாம் கூராகச் சீவியவை. நான் மிட்டாயை வாயில் போடும்போது, 'எனக்கொண்ணு கிடைக்குமா?' என்று கேட்டாள். பையில் இருந்தது அந்த ஒன்றுதான், அதுவும் பாதி வாய்க்குள் போய்விட்டது. இல்லை என்றேன். அப்போது அவள் என் இடது காலைப் பார்த்தாள், நாகரிகம் உள்ளவர்கள் பார்ப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். இப்போதும் கண் முன்னால் நிற்கிறது.

கேர்தாவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த எழவு மிட்டாயக் குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல? பாரு இப்ப, ஒரு மிட்டாய்க்கு ஒரு முழுப் புஸ்தகம்!"

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வகுப்பு கூடிப் பேசும். யார் யாரை அடித்தார்கள், யார் யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அங்கே வரும். முறை வைத்து யாராவது ஒரு வீட்டிலிருந்து கேக் வரும். யாராவது எதையாவது சொதப்பினால் முறை பார்ப்பதில்லை, சொதப்பினவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். பள்ளியில் மட்டுமல்ல, எங்கும் அதுதான். நானே ஒருமுறை படகைத் துறையில் இடித்துவிட்டு, மறுநாள் துறைமுகத்து ஆட்களுக்கெல்லாம் கேக் கொடுத்தேன். தின்று முடித்ததும் கணக்குத் தீர்ந்தது, பிறகு ஒருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. அந்த மறதிக்காகத்தான் கேக்கே.

அந்த வெள்ளிக்கிழமை, படகுக்காரன் வகுப்புக்குக் கேக் தர வேண்டும் என்று முடிவாயிற்று. படகுக்காரன் புத்தகத்துக்குள் இருக்கிறான், அவனால் எப்படிக் கேக் சுட முடியும் என்று யாரோ ஒரு பெண் கேட்டாளாம். 'அவர் துறைக்குப் பக்கத்துலதான இருக்காரு, பச்சைக் கதவு' என்று மால்தே வழி சொல்லியிருக்கிறான்.

மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மால்தே முன்னால் நின்றான். தோரா கடைசியில், பாதி வேலிக்கு அந்தப் பக்கம்.

"ஹோல்கெர், நாங்க வகுப்பு சார்பா வந்துருக்கோம்" என்றான் மால்தே. இவன் அப்பன் பிறந்தபோது அவனைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் சுமந்துவந்தேன், சுமந்தது படகில்தான் என்றாலும். "நீங்க கேக் கொண்டுவரணும். ஓட்டுப் போட்டாச்சு."

"ஓட்டு வேறயா? எத்தன பேரு கை தூக்கினீங்க?"

"எல்லாரும்."

"எல்லாருமா?"

தோரா தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும்தான்" என்றான் மால்தே. "ஒரு கை மட்டும் கொஞ்சம் லேட்டாத் தூக்குச்சு."

சிசெலைப் போய்ப் பார்த்தேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு, பிள்ளைகள் வீடுவரை வருவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கண் மின்னியது.

"ஹோல்கெர், மன்னிச்சுக்கோங்க. ஆனா இது எவ்வளவு அருமையான வாய்ப்பு தெரியுமா? ஒரு கதாபாத்திரத்தப் பத்திப் பிள்ளைங்க இப்படிச் சண்ட போட்டு நான் பாத்ததே இல்ல. நீங்க வந்து நாற்காலியில உக்காருங்க. படகுக்காரரா. அவங்க கேள்வி கேப்பாங்க, நீங்க பதில் சொல்லுங்க."

"நான் எந்தப் பையனையும் விட்டுட்டுப் போகலையே, அம்மா."

"கண்டிப்பா! நீங்க போகல. அது கதாபாத்திரம்தானே."

"கதாபாத்திரம் கேக்கும் சுட்டுக் கொண்டுவரணுமா?"

அவள் யோசித்தாள். "கொண்டுவந்தா ரொம்ப நல்லா இருக்கும்."

நான் போவதாக இல்லை. ஆனால் புதன்கிழமை தோரா தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: "கொண்டுவந்துடுங்க தாத்தா. மன்னிப்புக் கேட்டுடுங்க. அப்புறம் யாரும் பேசமாட்டாங்க. மால்தே என் பக்கத்துல உக்காரமாட்டேங்குறான். யாருமே உக்காரமாட்டேங்குறாங்க."

"செய்யாததுக்கு எப்படிடி மன்னிப்புக் கேக்குறது?"

"வெறும் கேக்குதான தாத்தா."

கொண்டுவராவிட்டால் அடுத்த புதன்கிழமை அவள் வரமாட்டாள். அதை அவள் சொல்லவில்லை. கருகின உருண்டை தட்டில் இருந்தபடி சொல்லிற்று.

கேக் சுட்டேன். ஈஸ்ட் மாவைத் தட்டில் பரப்பி, விரலால் குழி குழியாகக் குத்தி, வெண்ணெயில் உருக்கின பழுப்புச் சர்க்கரையை மேலே ஊற்றுவது. முதலில் சுட்டதை இன்றைக்கும் தோட்டத்துக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். இரண்டாவது தின்னும்படி வந்தது. வெள்ளிக்கிழமை சவரம் செய்துகொண்டேன். சிவப்புத் தொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். பள்ளி வாசலில் வைத்து சிசெல், "தொப்பி எங்கே?" என்றாள். திரும்பிப் போய் எடுத்துவந்தேன்.

சுவரில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் வெட்டின ஆள், தலையில் சிவப்புச் சாயம். கோட்டுக்கு வெளியே இடமில்லாமல் எழுதியிருந்தார்கள்: கல் மனசு, கஞ்சன், பார்த்தும் பாராதவன். உள்ளே, அவன் என்ன நினைக்கிறான் என்ற இடத்தில், ஒன்றுமே இல்லை.

சின்ன நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் காதுக்கு வந்தது.

"ஏன் நீங்க திரும்பி வரல?" என்றான் மால்தே.

"தம்பி, நான் யாரையும் விட்டுட்டுப் போறவன் இல்ல. ஒரு தடவ ஒரு பசுவுக்காக நடுக்கடல்ல..."

"எந்தப் பக்கம்?"

"என்னது?"

"புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?"

நான் சிசெலைப் பார்த்தேன். அவள் கனிவோடு தலையசைத்தாள். "புத்தகத்துல இருக்கறதுதான் ஆதாரம், ஹோல்கெர். அதுதான் நம்ம விதி."

மணப்பெண்ணைச் சொன்னேன். பக்கம் கேட்டார்கள். கடல் உறைந்த வருஷம் மருத்துவச்சியை முதுகில் தூக்கிக்கொண்டு ஐஸ் மேல் நடந்ததைச் சொன்னேன். பக்கம் கேட்டார்கள். பிஷப்பைச் சொன்னேன். அதை மட்டும் பக்கம் கேட்காமல் நம்பினார்கள். "பாருங்க, விட்டுட்டுப் போயிருக்காரு!"

தோரா மேஜையின் கோடியில் இருந்தாள். இரண்டு பக்கமும் நாற்காலி காலி. அவள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: மன்னிப்பு.

சரி என்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆமா. நான் அவனப் பாத்தேன்" என்றேன்.

எல்லாரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை பேர் வாயைத் திறந்துகொண்டு கேட்கும்போது மொட்டையாகச் சொல்லிவிட்டு எழுந்து வருவது என் பழக்கமில்லை. அன்றைக்குத் தென்மேற்குக் காற்று என்றேன். பையன் கட்டைச் செருப்பு போட்டிருந்தான், ஓடி வரும்போது ஒன்று துறைப் பலகைச் சந்தில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தான் என்றேன். ஆட்டுக்குட்டியை அவன் அம்மாவின் பச்சை சால்வையில் சுற்றியிருந்தான், அதன் ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது, அந்தக் காது அசைந்தது என்றேன். கயிறு என் கையில் இருந்தது. வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும் என்று நினைத்தேன். அவிழ்த்துவிட்டேன். இன்றைக்கும் காற்று அந்தப் பக்கம் திரும்பினால் எனக்கு ஒற்றைச் செருப்புச் சத்தம் கேட்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே.

இரண்டு பேர் அழுதார்கள். சிசெலும் மூக்கைச் சிந்தினாள். பிறகு எழுந்துபோய், காகித ஆளின் காலியான நெஞ்சுக்குள் பெரிய எழுத்தில் 'ஒப்புக்கொள்ளும் துணிவு' என்று எழுதினாள். "பாத்தீங்களா? ஒரு மனுஷன் மாற முடியும்" என்றாள். கைதட்டினார்கள். கேக்கை வெட்டினார்கள். மால்தே எழுந்து தோராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான், வாயெல்லாம் சர்க்கரை.

"அந்தச் செருப்பு புத்தகத்துல இல்லவே இல்லையே" என்று அவளிடம் சொன்னான். "சால்வையும் இல்ல. அப்படின்னா நெஜமாவே உங்க தாத்தா அங்க இருந்திருக்காரு!"

தோரா கேக்கைத் தொடவில்லை.

புதன்கிழமை உருண்டை பொரித்தேன், ஒன்றை ஓரத்தில் போட்டுக் கருகவிட்டேன். அவள் வந்தாள். வந்தவள் பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா, ஆறிடப்போகுது."

"ஹேண்ட்பால் இருக்கு தாத்தா. இனிமே புதன்கிழமை ஹேண்ட்பால்."

"டீம் சேக்க இங்க ஆளு ஏது?"

"அக்கரையில." அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கட்டைச் செருப்பு. நான் புத்தகம் பூரா தேடிட்டேன். எங்கயும் இல்ல."

"அது நானா சேத்துச் சொன்னதுடி. கதைன்னா கொஞ்சம் நல்லா இருக்கணும்ல?"

"மொதல்ல, செய்யலன்னு சொன்னீங்க. அப்புறம் எல்லார் முன்னாடியும் செஞ்சேன்னு சொன்னீங்க. இப்ப, சேத்துச் சொன்னேன்னு சொல்றீங்க. மூணுல எது நெஜம்?"

"மொதல்ல சொன்னது."

"அதுக்குத்தான் ஆதாரமே இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, ஒழுங்காகச் சொன்னாள். "கேக் கொண்டுவந்தா எல்லாரும் மறந்துடுவாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் மறந்துட்டாங்க. எனக்குத்தான் அந்தக் காது ஞாபகம் வந்துகிட்டே இருக்கு."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துச் செருப்பு அலமாரி மேல் வைத்தாள். "நீங்களே வச்சுக்கோங்க. எங்களுக்கு முடிஞ்சிடுச்சு. வேற புத்தகம் ஆரம்பிச்சாச்சு."

துறையில் படகு ஊதிற்று.

"நேரமாச்சு தாத்தா."

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பை முதுகில் குதிக்க அவள் துறையில் ஓடினாள். சீருடைக் கேப்டன் அவளைப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்க்காமல் நின்றார். நல்ல மனுஷர். அவளை விட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையாவது கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகளில் அவளுடைய தட்டின் இடத்தில் புத்தகத்தை வைத்து, சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறேன். ஹேண்ட்பாலில் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள் என்று யெப்பே சொல்கிறான். கேர்தா இன்னும் அந்த வைக்கோல் தொப்பிக்காரியின் முகவரியைத் தேடித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தேடித் தந்தால் மிட்டாய் ஒரு பொட்டலம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். தொப்பி, கால், நான் பேசுகிற தோரணை, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்கிற விதம்கூட அப்படியே நான்தான். வேறு யாருமாக இருக்க முடியாது.

அட்டையைத் திருப்பினால் உள்ளே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது: இந்த நாவலின் முதல் பதிப்பு வெளிவந்தது நான் பிறப்பதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால்.